கணவாயில் நின்ற பால்மாவு

நாரின் என்ற மலையூருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகக் குழந்தைகளுக்குப் பால்மாவு கலக்கிறவள் சூராகான். அவள் கையில் ஒரு கரண்டி கூடாது, குறையாது. வாய்த்துடுக்கு வேறு. பிறந்த குழந்தையின் வாயில் உருக்கிய வெண்ணெய் தடவுவது இங்கே வழக்கமல்லவா? கிண்ணத்தோடு வருகிற சொந்தக்காரர்களை அவள் விரட்டும் சத்தம் வாசல்வரை கேட்கும். "வெண்ணெயை நீங்க ரொட்டியிலே தடவித் தின்னுங்க. குழந்தை எங்கே ஓடிடப்போகுது? வீட்டுக்குப் போனதும் தடவிக்கலாம்!"

ஒரு பிப்ரவரியில் பெகாயிம் என்கிற பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ சொச்சம். அவளுக்குப் பால் சுரக்கவில்லை. சாதாரண மாவு கொடுத்ததும் குழந்தைக்கு வயிறு உப்பி, மலத்தில் ரத்தம்.

"குடல் சுவர் இன்னும் இறுகலை, சூராகான்," என்றார் டாக்டர். "தாய்ப்பால்ல இருக்கிற சர்க்கரையும் புரதமும் சேர்த்த மாவு தலைநகர் பிஷ்கெக்கிலேருந்து வருது. அது உதவலாம். அதுவரைக்கும் ஊசி வழியாத்தான் சத்து ஏத்தணும்; வாயிலே ஒண்ணும் படக்கூடாது, சொட்டுத் தண்ணிகூட."

மாவு ஏற்றிய வண்டி வழியில் தோலோன் மலைக் கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். பாழாய்ப்போன பனி! சூராகான் போன் போட்டு டிரைவரைத் திட்டித் தீர்த்தாள்.

"என்னை ஏன்க்கா திட்டுறீங்க? எனக்கு முன்னாடி நாற்பது லாரி நிக்குது," என்றான் அவன்.

ஐந்தாம் நாள் குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். பெகாயிமின் ஓரகத்தி நாஸ்கான் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"போகப்போறவன்தானே அக்கா. எங்க வீட்டு வெண்ணெய் நாக்கிலே படாமப் போனா, அவனை எங்க பிள்ளைன்னு எப்படிச் சொல்லுவோம்?"

சூராகானுக்கு வழக்கமான ஏச்சு வரவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, சுண்டுவிரல் நுனியால் தானே தடவினாள். குழந்தை சப்புக்கொட்டியது. ஐயோ, அது சப்புக்கொட்டியதே! அதற்கு வாழ ஆசை இருந்திருக்கிறது.

மறுநாள் காலை குழந்தை போய்விட்டது. பதினொரு மணிக்கு மாவு டின் வந்து சேர்ந்தது.

வெண்ணெயாலா, இல்லாவிட்டாலும் போயிருக்குமா? டாக்டரிடம் கேட்கலாம். கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது பெகாயிம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் அக்கா. எம்பிள்ளை எங்க வீட்டு ருசியைப் பார்த்துட்டுத்தான் போனான்."

இப்போதும் கிண்ணத்தோடு ஆட்கள் வருகிறார்கள். சூராகான் யாரையும் திட்டுவதில்லை. மாவு கலக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் போகும்வரை உள்ளேயே நிற்கிறாள்.