புகை இல்லாமல் வந்த கப்பல்

ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் நடந்தது இது. எனக்கு அப்போது பதினான்கு வயது. ஜார்ஜ் டவுனில் சுங்கை பினாங்கு ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு மரப்பாலம் இருந்தது. வண்டி போகாது. ஆட்கள் நடக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். பாலத்துக்கும் கடலுக்கும் நடுவே கரையோரமாக அரிசிக் கிடங்குகள். கடல் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துச் சின்னச் சரக்குக் கப்பல்கள் ஆற்றுக்குள் வரும், கிடங்குகளோடு நின்றுவிடும். பாலம் வரைக்கும் எந்தக் கப்பலும் வந்ததில்லை.

அண்ணிக்கு அப்போது நிறைமாதம். பிரசவம் பார்க்கிற அம்மாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். வாரம் ஒரு தடவை அண்ணி போய்க் காட்டிவிட்டு வருவாள். துணைக்கு நான். வயசுக்கு வந்த பிறகு எனக்கு வெளியே போகக் கிடைத்த ஒரே வழி அதுதான். அதற்கும் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். குனிந்த தலையோடு போய் வரவேண்டும், ரோட்டில் என் குரல் யார் காதிலும் விழக்கூடாது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. இயல்பிலேயே நான் கூச்சக்காரி.

பாலத்தின் நடுவில் காற்று நன்றாக வரும். அங்கே ஒருவர் தோளில் தூக்கிவரும் காவடிக் கடையை இறக்கி வைத்து பசெம்போர் விற்பார். வெள்ளரியும் பொரித்த மாவும் நறுக்கிப் போட்டு, மேலே இனிப்பும் உறைப்புமாகக் குழம்பு ஊற்றித் தருவார். தமிழ் முஸ்லிம். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரைச் சுற்றி எப்போதும் ஆலை ஆட்கள் நாலைந்து பேர் தட்டோடு நிற்பார்கள். அண்ணி மூச்சு வாங்குகிறது என்று அங்கே நின்றுவிடுவாள். மூச்சு பாதி, பசெம்போர் பாதி. ஆம்பிளைகள் சாப்பிடுகிற இடத்தில் நிற்க எனக்கு வெட்கம். அதனால் நான் மட்டும் பாலத்தின் கடைசி வரை நடந்துபோய், ஆற்றைப் பார்த்தபடி நிற்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். சீனர்களுடைய ஏழாம் மாதம், பசித்த பேய்களுக்குப் படையல் போடுகிற மாதம். அந்த மாதம் முழுக்க ஊரில் எங்கே பார்த்தாலும் பூசை, கூத்து, மேளம். திடீரென்று கடல் பக்கமிருந்து டணடணவென்று தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சரக்குக் கப்பல் கிடங்குகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் நாலைந்து சீனர்கள் சட்டியையும் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் போட்டு அடித்தார்கள். கையையும் ஆட்டினார்கள். என்னமோ கத்தினார்கள், காற்றில் ஒன்றும் விளங்கவில்லை.

பாலத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். கப்பலிலேயே பேய்க்குப் பூசை போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னது என் வரைக்கும் கேட்டது. இன்னொருவர் பதிலுக்குத் தன் தட்டைத் தட்டிக் காட்டினார். அந்த நேரம் பாலத்தில் ஒரு சீனர்கூட இல்லை. இருந்திருந்தால் இது பூசை மேளம் இல்லை என்று சொல்லியிருப்பார். அதோடு, கப்பல் நகர்ந்தால் சங்கு ஊதும் என்பது எல்லாருக்கும் பழக்கம். சங்கு ஊதவில்லை, ஆகவே பயமில்லை என்று இருந்துவிட்டார்கள்.

நான் புகைபோக்கியைப் பார்த்தேன். அதில் புகையே இல்லை.

என் அப்பா அரிசி ஆலையில் கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவர். ஆலைச் சங்கு ஊதுவதும் அந்த நீராவியில்தான். ஒரு தடவை கொதிகலன் பழுதாகிச் சங்கு ஊத முடியாமல் போனபோது, ஆட்களைக் கூப்பிட அப்பா ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடித்தார். அது எனக்கு ஞாபகம் வந்தது. கப்பலில் ஆவி போய்விட்டது. ஊத முடியாததால் தட்டுகிறார்கள். ஏறுகிற கடல் தண்ணீர் அதை உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. எனக்கு இவ்வளவும் தெளிவாக விளங்கியது.

விளங்கியும் வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அது எவ்வளவு நேரம் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். பத்து எண்ணுகிற நேரம் இருக்கலாம். அப்புறம் ஓடினேன். அந்த ஆம்பிளைகள் நடுவே புகுந்து அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அண்ணிக்குக் கோபம். "என்னடி இப்படி இழுக்கிற? சாப்பிட்டது தொண்டையிலதான் நிக்குது."

நான் பதில் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டே நடந்தேன். நானா எங்களைப் பார்த்தார். சட்டென்று காவடியைத் தோளில் தூக்கி, எங்களுக்கு வழிவிட்டுக் கைப்பிடி ஓரமாக ஒதுங்கினார். அண்ணி திட்டிக்கொண்டே வந்தாள். நாங்கள் கரையில் கால் வைத்து ஆறேழு அடி போயிருப்போம். பின்னால் மரம் முறிகிற சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. கட்டு விறகைத் தரையில் போட்டது மாதிரி இருந்தது. திரும்பினால் பாலத்தின் நடுப்பாகம் இல்லை. கப்பல் அந்த இடத்தில் குறுக்கே நின்றது.

சம்பான் படகுக்காரர்கள் உடனே வந்து விழுந்தவர்களைத் தூக்கினார்கள். யாரும் சாகவில்லை. கப்பலில் ஏதோ குழாய் வெடித்ததாம். நங்கூரம் போட்டும் சேற்றில் பிடிக்கவில்லையாம். நானாவின் வலது கை மட்டும் மரத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் என்னை எல்லாரும் மெச்சினார்கள். அண்ணியையும் பிள்ளையையும் காப்பாற்றினவள் என்று அக்கம்பக்கத்தில் அம்மா சொல்லாத ஆள் இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. அதையும் அடக்கம் என்றார்கள்.

அண்ணிக்குப் பையன் பிறந்தான். நாற்பது நாள் கழித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணி நானாவைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு வழிவிட்டவர் என்ற நன்றி அவளுக்கு. அவர் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். பிள்ளையை இடது கையால் வாங்கிப் பார்த்தார்.

"கப்பலுக்கு நல்ல பசி தங்கச்சி. என் கடையை முழுசா தின்னுட்டுத்தான் நின்னுச்சு" என்றார். அண்ணி சிரித்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, "நீ ஓடி வந்ததைப் பார்த்தேன்மா. தங்கச்சிக்கு வலி வந்துடுச்சுன்னு நெனச்சுத்தான் ஓரமா ஒதுங்கினேன்" என்றார்.

அவர் ஒதுங்கியது கடல் பக்கம். கப்பல் வந்து மோதிய பக்கம். அதை நான் அன்றைக்கே பார்த்திருந்தேன். இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணி எனக்காகப் பெருமையோடு சொன்னாள். "இவ எப்பவுமே இப்படித்தான் நானா. செத்தாலும் வாய் தெறக்க மாட்டா."

"அன்னிக்கு மட்டும் தெறந்திருக்கலாம்லா" என்றார் நானா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிள்ளையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவரால் கத்தி பிடித்து நறுக்க முடியவில்லை. கொஞ்ச நாள் ஒரு துணிக்கடையில் காவல் இருந்தார். அப்புறம் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பாலத்தை மறுபடி கட்டினார்கள். நான் அதில் பல வருஷம் நடந்தேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கூச்சம் இன்னும் போகவில்லை. நாலு பேர் கூடினால் பின்னால்தான் உட்காருவேன். அண்ணியைக் காப்பாற்றியது உண்மைதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாலத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிய வேண்டிய ஒன்று அன்றைக்கு எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, அதைக் கொண்டுபோய் நான் ஒருத்தியின் கையை மட்டும் பிடித்தேன் என்பதும் அதே அளவு உண்மை.