பங்கோர் மலையில் பார்வதி

சென்ற மாதம் சுங்காயிலிருந்து ராஜேந்திரன் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "பார்வதி போயிருச்சும்மா" என்றார். எழுபதுகளில் ஈப்போ தொலைபேசி நிலையத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள் நாங்கள் மூவரும். பார்வதியும் நானும் இணைப்புக் கொடுக்கும் பிரிவில் இருந்தோம். அண்ணன் எங்கள் மேற்பார்வையாளர்.

பார்வதி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தங்கியதை நான் பார்த்ததில்லை. வாரம் முழுவதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவள், ஞாயிறு வந்தால் தம்பியின் கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவாள். அட்டை கடிக்குமே என்று நான் தயங்கினால், "அதுக்கும் பசிக்கும்தானே" என்பாள்.

பங்கோர் தீவுக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது ராஜேந்திரன் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் காடு சரிப்படாது என்றார். அவள் அசையவில்லை என்றதும், பாதுகாப்புக்கு என்று தானும் வந்தார். லூமுட் வரை பஸ், பிறகு ஃபெரி. இறங்கியதும் காட்டுப் பாதையில் மலையைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தோம். அங்கிருந்து கடலோரப் பாறைகள் மேலேயே நடந்து அடுத்த விரிகுடாவுக்குப் போய்விடலாம் என்று வழிகாட்டினார் அண்ணன்.

பாதி தூரத்தில் கடல் ஏறத் தொடங்கியது. முன்னேயும் தண்ணீர், வந்த வழியிலும் தண்ணீர். மேலே செங்குத்தான காடு ஒன்றுதான் மிச்சம். வேர்களைப் பற்றிக்கொண்டு ஏறினோம். ஏறும்போது அண்ணன் ஒருமுறை கீழே பார்த்துவிட்டார். அவ்வளவுதான், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தவர் கண்ணைத் திறக்கவே இல்லை. கடைசிப் படகு போய்விடுமே என்று எனக்கு அழுகை வந்தது.

பார்வதி அவருக்குப் பக்கத்திலேயே ஒரு வேரில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை எடுத்தாள்.

"எனக்குப் பசிக்குதுண்ணே. சாப்பிட்டுட்டுப் போலாம் லா."

அந்தச் சரிவில் தொங்கியபடி மூவரும் சாப்பிட்டோம். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டே அவரும் சாப்பிட்டார். சம்பல் அதிகக் காரம் என்று அவர் குறை சொன்ன பிறகுதான் பார்வதி எழுந்தாள்.

"கீழ பாக்காதீங்க. என் சடைய மட்டும் பாத்துக்கிட்டு வாங்க."

அப்படியே ஏறினார். மேட்டை அடைந்தபோது இரண்டு இருவாச்சிகள் தலைக்கு மேலே சிறகடித்துப் போயின. அவர்தான் முதலில் சிரித்தார். கடைசிப் படகையும் பிடித்துவிட்டோம்.

திங்களன்று அலுவலகத்தில், முந்தின நாள் வீடு திரும்ப ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். அண்ணன் குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார். "வழியில சாப்பிட உக்காந்தோம், லேட்டாயிருச்சு" என்றாள் பார்வதி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அடுத்த பயணத்துக்கு முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தவர் ராஜேந்திரன் அண்ணன்.

சென்ற மாதம் அவளுடைய தம்பி வீட்டில், உடலை எடுப்பதற்கு முன், அண்ணனே எழுந்து இதை எல்லோருக்கும் சொன்னார். மரத்தைக் கட்டிப்பிடித்ததை நடித்தே காட்டினார். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துக்க வீட்டில் அத்தனை பேர் சிரித்து நான் கண்டதில்லை. பார்வதி இருந்திருந்தால் அவரைத் தடுத்திருப்பாள்.

அந்த ஞாயிறுகளில் இருட்டு விலகாத காலையில் என் வீட்டு வாசலில் நின்று, "வாரியா இல்லையாடி?" என்று ஒரே ஒரு முறை கேட்பாள். பதிலுக்கு நிற்காமல் நடந்துவிடுவாள். அவளைப் பிடிக்க ஓடி ஓடி எனக்கு வந்த பழக்கம்தான் மிச்சம். போகலாமா என்று யாராவது கேட்டால், எங்கே என்று கேட்பதற்குள் செருப்பை மாட்டிவிடுகிறேன்.