இஸ்திரிப் பெட்டியில் சுட்ட சாண்ட்விச்

எங்கள் வீட்டில் சீஸ் சாண்ட்விச் முதன்முதலாகச் சுட்டது இஸ்திரிப் பெட்டியில்தான். இதைச் சொன்னால் என் அலுவலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை, கதை விடுகிறேன் என்கிறார்கள். இப்போது என் அடுப்படியில் அதற்கென்றே ஒரு மின்சாரக் கருவி இருக்கிறது. ரொட்டியை வைத்து மூடினால் போதும், வெந்ததும் பச்சை விளக்கு எரிகிறது. நன்றாகத்தான் வருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதன் மூடியை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்துவிடுகிறது.

அப்பா கொடைக்கானலில் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளங்கி போகிற சாலையோரம் எங்கள் வீடு. அதை ஒட்டித் தகரம் போட்ட ஒரு கொட்டகை. மழை மாதங்களில் மேகம் தெருவுக்கே இறங்கிவிடும், கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாது. ஊரார் அரை ஈரத்தோடு கொண்டுவந்து அப்பாவிடம் போட்டுவிட்டுப் போவார்கள். தேய்ப்பதும் அவர் பொறுப்பு, காய வைப்பதும் அவர் பொறுப்பு. பித்தளைப் பெட்டி நிறையச் சிரட்டைக்கரியைக் கனிய விட்டு அவர் இழுக்க ஆரம்பித்தால் கொட்டகை முழுக்க ஆவி பறக்கும். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் முதலில் அதற்குத்தான், சாமி படத்துக்கெல்லாம் அப்புறம். என் தாய்மாமா ஒருமுறை அதன் கங்கில் பீடி பற்ற வைத்துவிட்டார் என்று அப்பா ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ வந்தது. வேறொன்றும் இல்லை, மசக்கை. தங்கை வயிற்றில் இருந்தாள். எனக்குப் பிறகு உண்டான கருக்கள் தங்காமல் போயிருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என்னிடம் சுத்தமாகச் சொல்லவில்லை. சோறு கொதிக்கிற வாசம் வந்தால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஈரத்துணி ஆவியும் ஆகாது, தாளிக்கிற வாசமும் ஆகாது. குடித்த தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. கைவளையல்கள் முழங்கைவரை ஓடின.

சாப்பாட்டு நேரம் வந்தால் அப்பா தேய்ப்பை விட்டுவிட்டு அறை வாசலில் வந்து நிற்பார்.

"என்ன வேணும்னு சொல்லு. வெரசாப் போயி வாங்கியாறேன்."

"ஒண்ணும் வேணாங்க."

அம்மாவுக்கு எப்போதுமே ஒன்றும் வேண்டாம். தீபாவளிக்குச் சேலை எடுக்கக் கூட்டிப்போனாலும் இதே பதில்தான். அப்பா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பிப் போவார்.

ஆஸ்பத்திரி நர்சம்மா, இப்படியே போனால் கீழே வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் இப்படித்தான் கீழே கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கீழே போனால் அம்மாவும் வர மாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, அவள் செருப்பை எடுத்துக் கரி மூட்டைக்குள் ஒளித்துவைத்தேன். செருப்பில்லாமல் பஸ் ஏற மாட்டாள் என்பது என் நம்பிக்கை.

மறுநாள் காலையில் கூட்டிப்போவது என்று பேசி முடித்திருந்த சாயங்காலம் மாமா வந்தார். ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அவருக்கு வேலை. தோளில் கிடந்த துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"மச்சான், அக்காவுக்கு எந்த வாசமும் ஆகலைன்றீங்க. அன்னைக்கு பெட்சீட்டு குடுக்க வந்தப்ப எங்க லாட்ஜு அடுப்படிப் பக்கம் ரொம்ப நேரம் நின்னுச்சு. சீஸ் சாண்ட்விச்சு போட்டுட்டு இருந்தோம். இந்த வாசம் மட்டும் நல்லாருக்குடான்னுச்சு."

துண்டைப் பிரித்தார். ரொட்டி, வெண்ணெய், கூடவே மஞ்சளாக ஒரு கட்டி. லாட்ஜ் சமையல்காரர் கொடுத்து அனுப்பியதாம். துணி சோப்பு என்றுதான் நான் நினைத்தேன். அப்பா மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கெட்டுப் போச்சே மாப்ள."

"அது வாசமே அப்பிடித்தான் மச்சான்."

மாமா அடுப்படிக்குள் புகுந்தார். லாட்ஜில் அவர் தட்டுத் தூக்குகிறவரே தவிர சமைக்கிறவர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோசைக்கல்லில் போட்ட ரொட்டி வெளியே கரிந்துவிட்டது. உள்ளே சீஸ் எங்கள் ஊர்க் குளிரில் எப்படி இருந்ததோ அப்படியே விறைப்பாக இருந்தது. அடுத்ததும் அதே கதைதான். கருகிய வாசம் அறைக்குப் போக, அம்மா கொல்லைக்கு ஓடினாள். அவ்வளவுதான், விடிந்தால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"லாட்ஜுல மிசினு இருக்கு மச்சான். மேலயும் சுடும், கீழயும் சுடும், நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கும்," என்று மாமா தலையைச் சொறிந்தார்.

அப்பா கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. மாமா வாயைப் பிளந்தபடி நகர்ந்து வழிவிட்டார்.

அதற்குமேல் அது அப்பாவின் வேலையாகிவிட்டது. விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலை மட்டும் விட்டார். கல்லைச் சுரண்டித் துடைத்தார். ரொட்டியின் ஓரம்வரை ஒரு இடம் விடாமல் வெண்ணெய் தடவினார், காலருக்குக் கஞ்சி தடவுகிற அதே நிதானத்தோடு. சீஸைச் சீவி ஒன்றுக்கு இரண்டு அடுக்காக வைத்தார். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டால்தான் ருசி எடுபடும் என்று மாமா சொன்னார். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக அப்பா அவ்வப்போது அதை வாழையிலையில் ஒரு இழுப்பு இழுப்பார். அதற்கென்று கொட்டகையில் கிடந்த இலையில் ஒரு துண்டைக் கழுவி ரொட்டியின் மேல் மூடினார். பெட்டியின் மூடியைத் திறந்து சூடு இறங்கக் காத்திருந்தார். விரலால் தண்ணீர் தெளித்து அது சீறுகிற சத்தத்தைக் கேட்டார். "பட்டுக்குப் போடுற சூடு போதும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியை அதன்மேல் வைத்தார். அழுத்தவில்லை. அதன் கனமே போதுமானதாக இருந்தது. வெண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. இலையை எடுத்து, ரொட்டியைப் புரட்டிப் போட்டு, மறுபடியும் மூடினார். சீஸ் ஓரங்களில் வழிந்து கல்லில் முறுகியது. அந்த வாசத்தை இன்றைக்கும் என்னால் மோந்து பார்க்க முடியும்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள்.

தரையில் உட்கார்ந்து ஒரு வாய் கடித்தாள். சீஸ் அறுபடாமல் நூலாக நீண்டது. கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தும் அறுபடாததில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது. நாங்கள் மூவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழுவதும் சாப்பிட்டாள். கொல்லைக்கு ஓடவில்லை.

அதற்குப் பிறகு பெட்டி பட்ட பாடு தனி. எங்கேயோ இடுக்கில் வெண்ணெய் இறங்கிவிட்டது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் வெள்ளைச் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, பேக்கரில வச்சுத் தேச்சியா?" என்று கேட்டார். பீடிக்குக் கோபித்துக்கொண்ட அப்பா இதற்குச் சிரித்துக்கொண்டு நின்றார். அம்மா வத்தலக்குண்டு போகவில்லை. செருப்பு அகப்பட்டபோது எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் காரணமான தங்கைக்கு இன்றுவரை சீஸ் வாசமே ஆகாது.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. அடுத்தது எனக்குத்தான் என்று நான் தட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். அம்மா விரலில் ஒட்டியிருந்ததைச் சப்பிவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இன்னொண்ணு வேணுங்க."

பெட்டியைப் பிடித்திருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"இன்னொண்ணு சுட்டுத் தாங்கன்னேன்."

"என்னது, சத்தமாச் சொல்லு."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே மூன்றாவது முறையும் சொன்னாள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். தெருமுனையில் யாராவது அவர் பெயரைச் சொன்னால்கூடக் கொட்டகையிலிருந்து குரல் கொடுப்பார். அப்படிப்பட்டவர், நான் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது, ஒரே விஷயத்தை ஏன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது கொஞ்சமும் விளங்கவில்லை.