மஞ்சள் அட்டையில் நான் எழுதியது

“தீர்வை அப்புறம் பார்ப்போம், முதலில் பிரச்சினையைச் சொல்லுங்கள்.” பயிற்சிப் பட்டறைகளில் இதைச் சொல்லித்தான் பல வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன். சொல்வதோடு சரி. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் பிரச்சினை என்னவென்று கேட்டால், என்ன வேண்டும் என்றுதான் பதில் வரும். கோப்போடு வருகிறவர் ஏதாவது கொடுக்கத்தான் வருவார் என்று பழகிவிட்டோம். நானும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன்தான், எனக்கும் அதே புத்தி.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். மலையில் குளவி கொட்டுவதைப் பற்றிப் பேசக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தேன். மருந்துப் பெட்டி வேணும், லொறி வேணும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பின்வரிசையில் ஓர் அக்கா மட்டும் அட்டையை வெறுமையாகவே திருப்பி நீட்டினார். எழுதத் தெரியாதாம்.

“வாயால சொல்லுங்கக்கா.”

“குளவி கலைஞ்சா ஓடணும்னு தெரியுங்க. ஆனா கொழுந்துப் பைய போட்டுட்டு ஓட மனசு வராதுங்க. கொழுந்து குறைஞ்சா அரைப்பேருதானே போடுறாங்க.”

அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். அவர்களை வேலை வாங்கும் கங்காணி வாசலில் நின்றிருந்தார். மதியச் சாப்பாட்டுப் பார்சல் வேறு வந்துவிட்டது. “சரிங்கக்கா, அதையும் சேத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டு, ‘பிரச்சினை: முதலுதவிப் பெட்டி இல்லை’ என்று பெரிய மஞ்சள் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். தீர்வைத் தூக்கிப் பிரச்சினையின் இடத்தில் வைத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள், அந்த அக்காவும்தான்.

பெட்டி போய்ச் சேர்ந்தது. படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து அந்த மலையில் குளவி கலைந்தது. இளம் பெண்கள் பையை வீசிவிட்டுப் பள்ளத்தில் இறங்கித் தப்பிவிட்டார்கள். அந்த அக்கா நிரம்பிய பையோடு ஓடப் பார்த்திருக்கிறார். உடலைத் தூக்கும்போதும் பைக்கயிறு தலையிலேயே இருந்ததாம். பெட்டியில் பஞ்சும் மருந்தும் குறையில்லாமல் இருந்தனவாம்.

இப்போதெல்லாம் பின்வரிசையைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அட்டைகளை வாங்கும்போது, வெறும் அட்டை ஒன்று என்னை நோக்கி நீளுமோ என்று தலையைக் குனிந்துகொள்கிறேன். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தால், கீழே வையுங்கள் என்று கத்தத் தோன்றும். ஒருமுறை கத்தியும் விட்டேன். அந்த அம்மா பயந்து எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த அக்காவின் சாவு வீட்டுக்கு நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். மகள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“அம்மா உங்க கூட்டத்துல பேசுனாங்களாமே சேர். அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவ்வளவு சந்தோசம். நம்ம சொன்னத ஒரு சேர் எழுதிக்கிட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க. அந்த எழுத்த ஒரு கொப்பி எடுத்துத் தருவீங்களா?”

தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் எழுதியிருக்கவில்லை.