அம்மாவுக்குக் கால் வலித்த தவக்காலம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஈஸ்டர் வரைக்கும் எதை விட்டுவிடப் போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். நான் வருடா வருடம் பாகற்காயை விடுவேன். அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். அப்பா டீயை விட்டுவிட்டு எல்லோர் மேலும் எரிந்து விழுவார். நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அம்மா முந்திக்கொண்டார்.

"டீயெல்லாம் வேணாங்க. இந்த வாட்டி வண்டிய விட்டுடுங்க. கோயிலுக்கு நடந்தே போவோம்."

அத்தை அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர். அவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் வீடு இருந்த செம்மண்டலத்திலிருந்து கோயிலுக்கு நல்ல தூரம், வெயில் வேறு. தம்பி கஷ்டப்பட்டால் ஆண்டவர் மகிழ்வார் என்று நம்பினார். முட்டி வலி என்பதால் அவர் மட்டும் ஆட்டோவில் வந்தார்.

ஞாயிறு பூசைக்கும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்கும் நாங்கள் மூவரும் நடந்தோம். மெயின் ரோட்டில் நடைபாதை இருந்தது, அதில் கடைப் பலகைகளும் பைக்குகளும் நின்றன. அதுவரை தன் வண்டியையும் அங்கேயே நிறுத்தி வந்த அப்பா, "மனுஷன் எங்கதான் நடக்கிறது?" என்று ஒரு கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. அடுத்த வாரம் அம்மா எங்களைப் பின்தெருக்கள் வழியாகத் திருப்பினார். எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்டேன்.

"இங்கதான் ரெண்டு பேரு சேந்தாப்புல நடக்கலாம்."

மூன்று பேர் இருக்கிறோமே என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் அந்தத் தெருக்கள் பிடித்திருந்தன. சுற்றுச்சுவரே இல்லாத ஒரு காலிமனைக்கு யாரோ கேட் போட்டு, பூட்டும் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அம்மாவும் அப்பாவும் பேசும் அதே பேச்சுதான் காதில் விழும்.

"சிதம்பரத்து ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சரா கூப்புடுறாங்க. ஜூன்ல சேரணும்."

"தெனம் பஸ்ஸுலயா போயிட்டு வருவ? அக்கா என்னா சொல்லும்?"

"நீங்க என்னா சொல்றீங்க?"

அதற்குள் அப்பா தெரிந்தவர் யாருக்காவது கையாட்டுவார். மறுவாரம் அம்மா விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இதை ஏன் வீட்டில் பேசுவதில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டு ஹாலில் எந்நேரமும் அத்தை இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சிரித்துப் பேசியபடி வருவதை அத்தை ஆட்டோவிலிருந்து பார்த்துவிட்டார். வீட்டில் விசாரணை நடந்தது.

"இது ஒறுத்தலா, உல்லாசமா? இப்புடி சிரிச்சிகிட்டு வர்றதுக்கு வண்டியிலயே வரலாம். நீ பேசாம டீய விடுடா."

அப்பா தலையாட்டத் தயாராகிவிட்டார். அம்மா பதறிப்போனார். அவருக்கு இன்னும் பதில் கிடைத்திருக்கவில்லை.

"அண்ணி, எனக்கு கால் வலி உசுரு போவுது. அவுங்க சிரிச்சா நான் என்னா பண்றது? என் ஒறுத்தல கெடுத்துடாதீங்க."

அத்தை அசந்துபோனார். நடை தொடர்ந்தது. அம்மா வாசலிலிருந்து நொண்டிக்கொண்டே புறப்படுவார். தெருமுனை திரும்பியதும் சரியாகிவிடும். வரும்போது அதே முனையில் மறுபடி வலி பிடிக்கும். அங்கே என்னதான் இருக்கிறது என்று நான் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். வெறும் சிமெண்டுதான். அத்தையோ பாவப்பட்டு, தினமும் தைலம் தேய்த்துவிட்டார். அம்மா கூச்சத்தில் நெளிந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து திரும்பும்போது அப்பா, "சரி, சேந்துடு. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். அம்மா நடுத்தெருவில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. "ரொம்ப வலிக்குதாம்மா? ஆட்டோ புடிக்கலாமா?" என்றேன். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஈஸ்டரோடு கால்வலி போனது. ஜூன் மாதம், காலை பஸ்ஸைப் பிடிக்க அம்மா வேகுவேகென்று நடந்து போனார். அந்த வாரம் கோயிலில் மறைக்கல்வி வகுப்பில், ஆண்டவர் உங்கள் வீட்டில் செய்த அற்புதம் என்ன என்று கேட்டார்கள். நான்தான் முதலில் எழுந்தேன். ஆண்டவர் கால்வலியை நீக்கியதால்தான் எங்கள் அம்மாவால் வேலைக்குப் போக முடிகிறது என்று சத்தமாகச் சொன்னேன்.