மைக்கைத் தொடாதே!

தொண்ணூறுகளின் கடைசியில், கிணத்துக்கடவு பக்கம் எங்க வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு. ஏழு வருஷம் ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அப்படித் தவமிருந்து உண்டான பிள்ளை. வீடு கொள்ளாத சொந்தபந்தம்.

நாத்தனார் நல்லாப் பாடுவா. அதுக்காக மைக்செட் சொல்லியிருந்தோம். வந்து இறங்கினதுமே அவங்க ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது மைக்கைச் சொருகற மிக்சர் பெட்டியும் மைக்கும்தான். "கவலைப்படாதீங்க, நம்ம ஹோம் தியேட்டர்ல குடுத்தரலாமுங்க"ன்னு கிளம்பினார் எங்க வீட்டுக்காரர். அவர் புதுசா வாங்கினது அது. தூசு தட்டக்கூட என்னை விட மாட்டார்!

ஒயரை மாட்டினதும் ஸ்பீக்கர்ல 'உர்ர்ர்'னு ஒரே இரைச்சல். மனுஷன் விடுவாரா? எதை எதையோ நோண்டி, கடைசியா மிக்சரோட பிளக்கைப் பிரிச்சு எர்த் ஒயரைக் கழட்டிப்போட்டார். இரைச்சல் நின்னுபோச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. மைக்செட்காரரும் நிம்மதியாப் பந்திக்குப் போயிட்டார். கேசட்ல நாதஸ்வரம் அலற ஆரம்பிச்சது.

நான் மைக் ஸ்டாண்டை நாத்தனாரோட நாற்காலிப் பக்கம் நகர்த்தி வெச்சேன். சுர்ருனு விரல்ல ஏதோ இழுத்துச்சு. ஓடிப்போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

"பட்டுச்சேலை கட்டியிருக்கறயல்ல, அப்படித்தான் இருக்கும். கம்முனு இரு அம்மணி."

எனக்கு மனசு ஒப்பலை. ஆனா கல்யாணமாகி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி அவரைக் குறை சொல்லவா? வாயை மூடிக்கிட்டேன்.

வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்தாங்க. அந்த நெரிசல்ல யாரோ தண்ணிக் குடத்தைத் தட்டிவிட்டுட்டாங்க. நனைஞ்ச ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்தாச்சு. தரையெல்லாம் ஈரம். "ஒரு பாட்டுப் பாடு கண்ணு"ன்னு எங்க மாமியார் சொன்னதும் அவ எழுந்தா. வெறுங்கால், கையில ஈரச் சந்தனம்.

என் விரல்ல சுர்ருனு இழுத்தது சட்டுனு ஞாபகம் வந்துச்சு. நான் கூடத்தோட இந்தக் கோடியில, ஹோம் தியேட்டரும் மிக்சரும் வெச்சிருந்த ஷோகேஸ்கிட்ட நிக்கறேன். நடுவுல அத்தனை பொம்பளைங்க. "தொடாதே! மைக்கைத் தொடாதே!"ன்னு கத்தறேன், நாதஸ்வரச் சத்தத்துல ஒருத்தர் காதிலயும் விழலை. அவ சிரிச்சுக்கிட்டே கையை நீட்டறா. எது எந்த ஒயர்னு எனக்கென்ன தெரியும்? ஷோகேஸ் ஓரம் தொங்கின அத்தனையையும் கொத்தாப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்தேன். பிளக்கெல்லாம் பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. கூடவே ஹோம் தியேட்டரும் தடால்னு தரையில விழுந்து உடைஞ்சுது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"ஏனுங்க நங்கை, என்னாச்சுங்க?"ன்னு அண்ணி முறைக்கு என்னை நங்கைன்னு கூப்பிடற நாத்தனார் முழிக்கறா. "பைத்தியமாடி உனக்கு? நல்ல நாளும் அதுவுமா..."ன்னு அவர் கையை ஓங்காத குறை. மாமியார் முகத்தையே பார்க்க முடியலை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு.

"டெஸ்டர் எடுத்துட்டு வாங்க. நீங்க எர்த் ஒயரைக் கழட்டின அந்த மிக்சரை மட்டும் மறுபடி சொருகி, மைக்குல வெச்சுப் பாருங்க"ன்னேன்.

விருட்டுனு போய் எடுத்துட்டு வந்தார். நாத்தனாரைத் தள்ளி உட்கார வெச்சுட்டு, பிளக்கைச் சொருகி, மைக்கோட இரும்பு வலையில டெஸ்டரை வெச்சார். பளிச்சுனு எரிஞ்சுது.

சுவிட்சை அணைச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். மாமியார் மகளோட வயித்துல கையை வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க.

அன்னைக்குத் திட்டினதுக்கு எங்க வீட்டுக்காரர் இன்னை வரைக்கும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. போகட்டும். வளைகாப்பு முடிஞ்சு ரெண்டு மாசத்துல நாத்தனாருக்குப் பிறந்த மருமக, அத்தைன்னு கூப்பிட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம், நாலு பேர் என்ன நினைப்பாங்களோன்னு அன்னைக்கு நான் இன்னும் ஒரே ஒரு நொடி யோசிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சு அவளை இழுத்து அணைச்சுக்குவேன்.