விரலை நம்பிய சேறு

எண்ணெய்க் கிணறு தோண்டும் அந்த இடத்தில் அவரை எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். டீசலில் களிமண் பொடியைக் கலந்து, கிணற்றுக்குள் ஓடும் சேற்றைத் தயாரிப்பது அவர் வேலை. சாதாரணக் களிமண் எண்ணெயோடு சேராது. இது எண்ணெயை ஏற்கும்படி பக்குவப்படுத்திய களிமண். நன்றாகக் கடைந்தால் அதன் நுண்ணிய தகடுகள் பிரிந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் சேற்றுக்குக் கனம் தரும் கல்பொடி கீழே இறங்காமல் நிற்கும். கனம் போனால், அடியில் அடைபட்ட வாயுவை அமுக்கிவைக்க வேறு நாதியில்லை.

கைராசிக்கு விரல்தான் அளவுகோல். சேற்றைச் சூடாக்கிச் சோதிக்கும் கருவி மூலையில் தூசி படிந்து கிடந்தது. கேட்டால், "பிள்ளைக்குக் காய்ச்சலான்னு பாக்கத் தாய்க்குக் கருவி வேணுமா?" என்பார்.

அன்று காலை கடுங்குளிர். தொட்டியில் சேறு கெட்டியாக இருந்தது. விரலில் எடுத்தால் வழியவில்லை. இந்தப் பதமே போதும் என்று களிமண் மூட்டைகளில் பாதியை அவர் பிரிக்கவே இல்லை. கிணற்று வாய்க்கு மேலுள்ள மேடையில் குழாய் மாட்டும் அவருடைய மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"சூடு பண்ணிப் பாத்தீங்களா மச்சான்?"

"எனக்கே பாடமா? போடா, போய் உன் குழாயைப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே படியேறினான். 'தம்பியைப் பாத்துக்கோங்க' என்று சொல்லித்தான் அவர் மனைவி தினமும் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுப்பாள்.

மத்தியானம், சேற்றைக் கிணற்றுக்குள் தள்ளும் பம்ப் பழுதாகி நின்றது. சரிசெய்து ஓட்டுவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. கிணற்றிலிருந்து திரும்பி வந்த சேற்றை அவர் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது; விரலில் நிற்காமல் வழிந்தோடியது. எடை போட்டார், மிகவும் குறைவு. காலையில் விரலில் நின்றது களிமண்ணின் பிடி இல்லை, வெறும் குளிர். உள்ளே சூட்டில் சேறு இளகி, கல்பொடி மொத்தமும் சாய்வாகத் தோண்டிய கிணற்றின் அடிப்பக்கத்தில் படிந்துவிட்டது.

"பம்பை நிறுத்து!"

நிறுத்தினார்கள். பம்ப் நின்றால் சேறும் நிற்க வேண்டும். கிணற்றிலிருந்து சேறு திரும்பி வரும் வாய்க்காலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து வாயு தள்ள, சேறு வந்துகொண்டே இருந்தது.

"மாப்ளே, இறங்குடா! ஓடி வா!"

மேடை விளிம்பில் மைத்துனனின் தலை தெரிந்தது. முகத்தில் காலையில் பார்த்த அதே சிரிப்பு.

"என்ன மச்சான், இப்பவாவது சூடு பண்ணிப் பாக்கலாமா?"

அவன் காலடியில் மேடை அதிரத் தொடங்கியது.